அனுமனை எடுத்தவர்கள் சாம்பவானை விட்டார்கள்

மழை பெய்து மைதானம் சேறாகிவிட்ட நாட்களில் கல்லூரி விடுதியில் நாங்கள் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. ஆறு பேர் வட்டமாக உட்காருவோம். ஆளுக்கு ஐந்து வீரர்கள். இதிகாசம், புராணம், நாவல், காமிக்ஸ் என்று எதிலிருந்தும் எடுக்கலாம். ஒருவன் எடுத்தவரை இன்னொருவன் எடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி வரிசை போடுவோம். முதல் சுற்று ஒன்றிலிருந்து ஆறு வரை போனால் அடுத்த சுற்று ஆறிலிருந்து ஒன்றுக்குத் திரும்பும். கடைசிச் சீட்டு விழுந்தவனுக்கு அடுத்தடுத்து இரண்டு பேரை எடுத்துக்கொள்ளும் ஆறுதலாவது மிஞ்சும். முப்பது பெயரும் நோட்டில் ஏறியதும் எந்த அணி எந்த அணியை வெல்லும் என்ற வாதம் தொடங்கும். மழை விட்ட பிறகும் அது விடாது.

முதல் சீட்டு யாருக்கு விழுந்தாலும் முதல் பெயர் அனுமன்தான். கடலைத் தாண்டியவன், மலையைத் தூக்கி வந்தவன், சிரஞ்சீவி. மறுபேச்சே இருக்காது. ஆனால் அத்தனை ஆட்டத்திலும் சாம்பவானை ஒருவரும் எடுத்ததில்லை. மகேந்திர மலையில் வானரர்கள் கடலைப் பார்த்துக் கலங்கி நின்றபோது அனுமன் பேசாமல் இருந்தான். தன் பலம் அவனுக்கே தெரியவில்லை. சாம்பவான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவன் வளர்ந்தான். வால்மீகியிலும் அப்படித்தான், கம்பனிலும் அப்படித்தான். அப்படியானால் சாம்பவான் இல்லாத அணியில் அனுமன் கரையிலேயே உட்கார்ந்திருப்பானா? இந்தக் கேள்வி எனக்கு விடுதியை விட்டு வந்து பல வருடம் கழித்துத்தான் தோன்றியது. அன்றிலிருந்து இந்த ஆட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதன்மேல் எனக்குப் பிரியம் உண்டு. அது கதைகளுக்குச் செய்யும் ஒரு காரியத்தில் வருத்தமும் உண்டு.

ஆட்டத்தின் சட்டகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1962இல் ஓக்லண்டு கால்பந்து அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் அவர் நண்பர்களும், உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு காகிதத்தில் அணி கட்டும் விளையாட்டுக்கு விதி எழுதினார்கள். 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற பத்திரிகையாளர் பேஸ்பாலுக்கு அதுபோல் ஒன்றை அமைத்தார். இன்று நம்மூரில் கிரிக்கெட்டுக்குக் கைப்பேசியில் அணி கட்டுபவர்கள் ஆடுவதும் இதன் வழி வந்ததுதான். அங்கெல்லாம் ஒரு மைதானம் இருக்கிறது. நீங்கள் எடுத்த ஆள் ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஓட்டம் எடுத்தான் என்பது திங்கட்கிழமை தெரிந்துவிடும். கதை வீரர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. பீமனும் ஹெராக்ளிஸும் எந்தக் களத்திலும் சந்திக்கப் போவதில்லை. தீர்ப்பு முழுவதும் வாதத்தில்தான்.

அதுவே இதன் முதல் பெருமை என்பேன். வாதத்துக்குச் சான்று வேண்டும், சான்றுக்கு நூலைப் புரட்ட வேண்டும். கர்ணனை எடுத்த நண்பனை நாங்கள் கேள்விகளால் துளைத்தோம். உன் கர்ணனுக்குக் கவசகுண்டலம் இருக்கிறதா, இந்திரனுக்குக் கொடுத்த பிறகு வந்தவனா? அந்தச் சக்தி ஆயுதம் கடோத்கசன்மேல் போய்விட்டதா, கையில் இருக்கிறதா? அதுவரை கர்ணன் என்றால் 1964இல் வந்த பந்துலுவின் படம்தான் எங்களுக்கு. பதில் சொல்வதற்காக அவன் நூலகத்தில் வியாசபாரத மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து, வன பருவத்திலிருந்து துரோண பருவம் வரை படித்துவிட்டு வந்தான். பாடத்திட்டம் வைத்து அவனைப் படிக்க வைத்திருக்க முடியாது. இரும்புக்கை மாயாவியை எடுத்தவனுக்கும் அதே கதி. 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த அந்த மாயாவி மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவான். மறைந்தாலும் இரும்புக்கை மட்டும் தெரியும். இலங்கைக் கடற்கரையில் அவனுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று கேட்டு அவனைத் திணறடித்தோம். சிரிப்புக்காகத் தொடங்கிய கேள்வி, ஒரு வீரனின் ஆற்றல் எந்த உலகத்தைச் சார்ந்து நிற்கிறது என்ற விசாரணையில் போய் முடிந்தது.

காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழாவின் பட்டிமண்டபங்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுவை புதிதல்ல. தம்பியரில் சிறந்தவன் பரதனா, இலக்குவனா, கும்பகருணனா என்று பிரித்து வாதாடுவதும் ஒருவகை ஆள் எடுப்புதான். எடுத்த ஆளுக்காக நூலுக்குள்ளிருந்தே பேச வேண்டும் என்பதும் பொதுவான ஒழுங்கு.

பல உலகத்து வீரர்களை ஓரணியில் நிறுத்தும் ஆசை மிகப் பழையது. 1312இல் ஜாக் டி லாங்குயோன் என்ற கவிஞர் பிரெஞ்சுக் காவியம் ஒன்றில் ஒன்பது மாவீரர்களைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினார். பழைய சமயத்தார் மூவர்: ஹெக்டர், அலெக்சாந்தர், ஜூலியஸ் சீசர். யூதர் மூவர்: யோசுவா, தாவீது, யூதா மக்கபே. கிறித்தவர் மூவர்: ஆர்தர், சார்லமேன், புய்யோன் நகரத்து கோட்ஃப்ரீ. வரலாற்று மனிதர், காவிய மனிதர், வேத மனிதர் என்ற வேறுபாடு பார்க்காமல் மூன்று மூன்றாக இடஒதுக்கீடு. அடுத்த சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் திரைச்சீலைகளிலும் கற்சிற்பங்களிலும் இந்த ஒன்பதின்மர் வரிசையாக நின்றார்கள். நிற்க மட்டும்தான் செய்தார்கள். அவர்களுக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை இல்லை.

வேலையோடு திரட்டப்பட்ட அணி ஆர்கோ கப்பல். பொன் ஆட்டுத்தோலைக் கொண்டுவர ஜேசன் சுமார் ஐம்பது வீரர்களைச் சேர்க்கிறான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அப்பலோனியஸ் எழுதிய காவியம் கிட்டத்தட்ட அந்தப் பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. தலைவன் யார் என்று கேட்டதும் எல்லோர் கண்ணும் ஹெராக்ளிஸ் மேல் போகிறது. அவன் மறுத்து ஜேசனையே முன்னிறுத்துகிறான். கொஞ்ச தூரம் போனதும் ஹெராக்ளிஸின் கையில் துடுப்பு ஒடிகிறது. புதுத் துடுப்புக்கு மரம் தேடிக் கரையேறுகிறான். அவனுடன் வந்த இளைஞன் ஹைலாஸ் நீரூற்றில் ஒரு தேவதையிடம் சிக்கிக் காணாமல் போகிறான். அவனைத் தேடியலைந்து ஹெராக்ளிஸ் கரையிலேயே தங்கிவிட, கப்பல் போய்விடுகிறது. எந்த ஆட்டத்திலும் முதல் சுற்றில் போகக்கூடிய ஆள் கதை கால்வாசி முடியும்போதே வெளியே. பிறகு யார் காப்பாற்றுகிறார்கள்? மயக்கிக் கொல்லும் சைரன்களின் பாட்டை ஓர்ஃபியஸ் தன் யாழால் மூழ்கடிக்கிறான். வழியில் எதிர்ப்பட்ட ஒரு மன்னனைப் பாலிடியூசஸ் குத்துச்சண்டையில் வீழ்த்துகிறான். சுக்கான் பிடித்தவன் பாதிவழியில் நோயில் இறக்க, அந்த இடத்தை இன்னொருவன் ஏற்கிறான். கடைசியில் தோலைக் காக்கும் பாம்பைத் தூங்க வைப்பது பட்டியலிலேயே இல்லாத ஒரு பெண், எதிரி மன்னனின் மகள் மெடியா. சண்டை வரும் என்று பயந்து அட்டலான்டாவைக் கப்பலில் ஏற்ற மறுத்த ஜேசன், முடிவில் ஒரு பெண்ணின் கையால்தான் வெல்கிறான்.

ஆர்கோவின் கதையைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்கு உறைத்தது, பலசாலிகளை ஒன்று சேர்த்தால் அணி ஆகாது என்பது மட்டும் இல்லை; அது எவருக்கும் தெரிந்ததுதான். மிகப் பெரிய வீரன் இருக்கும்வரை மற்றவர்களுக்குக் கதையில் இடமே கிடைப்பதில்லை என்பதை அப்பலோனியஸ் புரிந்துவைத்திருந்தார். ஹெராக்ளிஸ் இறங்கினால்தான் ஓர்ஃபியஸின் யாழுக்கு வேலை வரும். எங்கள் ஆட்டத்தில் இறங்கிப் போவதற்கு வழியே கிடையாது. எடுத்தவன் எடுத்தவன்தான், கடைசிவரை முழு பலத்தோடு நிற்பான்.

ஆள் எடுப்பதன் ஆழம் தெரிந்த நூல் என்றால் மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தைத்தான் சொல்வேன். துவாரகையில் துரியோதனனும் அர்ச்சுனனும் உதவி கேட்டு வருகிறார்கள். ஒரு பக்கம் ஆயுதம் எடுக்காத கண்ணன், இன்னொரு பக்கம் நாராயண சேனை. முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அர்ச்சுனனுக்கு. அவன் போரிடாத ஒருவனை எடுக்கிறான். துரியோதனன் படை கிடைத்த மகிழ்ச்சியோடு போகிறான். பிறகு சல்லியன். அவன் பாண்டவரிடம் போய்க்கொண்டிருந்தவன். வழிநெடுக உபசாரம் செய்து துரியோதனன் அவனைத் தன் பக்கம் இழுக்கிறான். உடனே தருமன் அவனிடம் கர்ணனுக்குத் தேரோட்டும்போது அவன் மனத்தைக் குலைத்துவிடும்படி வேண்டிக்கொள்கிறான். எதிரணிக்குப் போன ஆளிடமிருந்தே ஆதாயம். பலராமன் எந்தப் பக்கமும் வேண்டாம் என்று தீர்த்தயாத்திரை போகிறான். ருக்மி ஓர் அக்குரோணிப் படையோடு வந்து, பயமாக இருந்தால் துணை செய்கிறேன் என்று அர்ச்சுனனிடம் சொல்ல, பயமில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே பேச்சோடு துரியோதனனிடம் போகிறான். அங்கும் வேண்டாம். பாரதம் முழுவதிலும் இரண்டு அணியும் ஒதுக்கிய மாவீரன் அவன் ஒருவன்தான். அவனிடம் பலக்குறைவு ஏதும் கிடையாது. கேட்ட விதம்தான் சரியில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் பீஷ்மரின் கணக்கு. போருக்கு முன்னால் இரு படையிலும் யார் ரதர், யார் அதிரதர், யார் மகாரதர் என்று அவர் ஒவ்வொருவராக மதிப்பிடுகிறார். கர்ணனிடம் வரும்போது அர்த்தரதன் என்கிறார். பாதி வீரன். பிறவிக் கவசத்தையும் குண்டலத்தையும் இழந்தவன், பரசுராமரின் சாபம் சுமப்பவன் என்று காரணமும் சொல்கிறார். துரோணரும் ஆமோதிக்கிறார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கைக் கேட்ட கர்ணன், பீஷ்மர் களத்தில் இருக்கும்வரை வில்லைத் தொடமாட்டேன் என்று விலகுகிறான். பத்து நாள் கௌரவர் படை அவன் இல்லாமல் நின்றது. அதே கணக்கின் முடிவில் பீஷ்மர் தன்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்: பாண்டவரைக் கொல்லமாட்டேன், சிகண்டியின்மேல் அம்பு விடமாட்டேன். துரியோதனன் எடுத்த முதல் ஆள் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு நிபந்தனைகளோடு வந்தவர். பதினோரு அக்குரோணி ஏழிடம் தோற்றதற்கு விடை அந்தப் பட்டியலிலேயே பாதி எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் நோட்டில் நாங்கள் என்ன செய்தோம்? பீஷ்மரை எடுத்தவன் சபதத்தைக் கழற்றி வைத்துவிட்டு வில்லை மட்டும் எடுத்துக்கொண்டான். என் வருத்தம் இதில்தான். அயர்லாந்துக் கதைகளின் குஹூலின் நாய்க்கறி தின்னக் கூடாது, விருந்தை மறுக்கவும் கூடாது என்ற இரு விலக்குகளுக்கு நடுவே மாட்டித்தான் பலம் இழக்கிறான். கும்பகருணனுக்குத் தூக்கம், அக்கிலிஸுக்குக் குதிகால். இவை அவர்களுடைய குறைகள் அல்ல. அவர்களைப் பற்றி ஒரு கதை இருப்பதற்கே இவைதான் காரணம். இவற்றைக் கழற்றிவிட்டு நாம் எடுத்துக்கொள்வது, ஆயுதம் தாங்கிய ஒரு பெயரை.

கழற்றும் வேலையைத் திறமையாகச் செய்துகொடுக்கும் விளையாட்டுகள் இன்று நிறைய. ஜப்பானில் 2004இல் வெளிவந்த ஃபேட் என்ற கணினிக் கதைவிளையாட்டு பழைய வீரர்களின் ஆவிகளை ஏழு வகையாகப் பிரித்து, வலிமை, விரைவு, அதிர்ஷ்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்தால் தரம் போடுகிறது. 2015இல் வந்த அதன் கைப்பேசி வடிவில் கர்ணனும் அர்ச்சுனனும் கூட இருக்கிறார்கள். குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எழுதியவர்கள் கதை தெரியாதவர்கள் அல்லர். குஹூலினின் விலக்குகள் அங்கேயும் அவனைத் துரத்துகின்றன. ஒரு வீரனின் உண்மைப் பெயர் தெரிந்துவிட்டால் அவன் சாகும் வழியும் தெரிந்துவிடும் என்பதே அந்த ஆட்டத்தின் முடிச்சு. எங்கள் விடுதி நோட்டைவிட அது நேர்மையானது. ஆனாலும் எழுத்தில் தரம் போட முடியாதவர்களை அந்தக் கட்டங்கள் தாங்குவதில்லை.

அரவானை எடுத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனனுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்தவன். வடமொழிப் பாரதத்தில் அவன் எட்டாம் நாள் போரில் மடியும் வீரர்களில் ஒருவன். தமிழில் அவன் களப்பலி. பாண்டவர் வெல்ல முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்திய ஓர் உடல் வேண்டும் என்றபோது தன்னைக் கொடுத்தவன். கூவாகத்தில் இன்றும் சித்திரையில் திருநங்கையர் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். அவனுடைய வலிமைக்கு என்ன தரம் போடுவது? அவன் போரிட்டதைவிடப் போருக்கு முன் தந்தது பெரிது. கட்டத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

அரவானைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸை எடுப்பதும் திரௌபதியை எடுப்பதும் ஒன்றல்ல. வட தமிழ்நாட்டு ஊர்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் படித்து, கூத்துக் கட்டி, தீ மிதிக்கிறார்கள். மதுரை வீரனும் காத்தவராயனும் பொன்னர் சங்கரும் குலசாமிகள். வட்டத்தில் ஆறு பேர் இருந்தால் அதில் ஒருவன் வீட்டுச் சாமி இன்னொருவன் அணியில் நான்காம் சுற்றுத் தேர்வாக இருக்கலாம். எங்களில் ஒருவன் ஒரு நாள் சட்டென்று எழுந்து போய்விட்டான். அவன் காரணம் சொல்லவில்லை; நாங்கள் மதுரை வீரனை யாரோ ஒரு மாயாஜாலக்காரனிடம் தோற்க வைத்திருந்தோம். அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. இன்றைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. தடை போட வேண்டும் என்று சொல்லவில்லை. யாருடைய சாமி என்று கேட்டுவிட்டு எடுக்கலாம்.

வாக்கெடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாதம் முடியாதபோது கை தூக்கச் சொன்னால் படத்தில் பார்த்த முகம் ஜெயிக்கும். வந்தியத்தேவன் தன் நாக்கு ஒன்றாலேயே எத்தனை சிக்கலிலிருந்து வெளியே வந்தான் என்பது கல்கியைப் படித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் விடுதியில் படிக்காதவர்களின் கை அவனுக்காக உயர்ந்ததில்லை. பெண்களுக்கும் இதே நிலைதான். மதுரையையே எரித்த கண்ணகியை எங்கள் நோட்டில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

என் ஊரில் சடுகுடுவுக்கு ஆள் பிரிக்க வேறொரு முறை இருந்தது. உத்தி பிரித்தல். இரண்டு தலைவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஆளைத் தேடி, இரண்டிரண்டு பேராகத் தோள்மேல் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போவார்கள். காதோடு காதாகப் பேசி ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா என்று கேட்பார்கள். தலைவன் சொன்ன பெயர்க்காரன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். கடைசியாக மிஞ்சி நின்று அவமானப்படுகிற பிள்ளை அதில் இல்லை. யார் யாருக்குச் சமம் என்பதை விளையாடுகிறவர்களே முடிவு செய்தார்கள்.

கதை வீரர்களையும் இப்படிப் பிரித்துப் பார்த்தேன். ஆட்டத்தின் குணமே மாறிவிட்டது. யார் பெரியவன் என்ற கேள்வி போய், யாருக்கு யார் இணை என்ற கேள்வி வந்தது. பீமனுக்குத் துரியோதனன் என்பது எளிது, கதாயுதம் போதும். கர்ணனுக்கு யார்? அக்கிலிஸ் என்றேன். தெய்வத்தன்மை கலந்த பிறப்பு, உடம்பைக் காக்கும் வரம், அந்த வரத்தில் ஓர் ஓட்டை. எல்லாவற்றுக்கும் மேல், தன் படைத்தலைவன் அவமதித்தான் என்று போர் நடக்கும்போதே ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் இருவரும். இந்த ஒற்றுமை வரிசை முறையில் பல வருடம் ஆடியபோது எனக்குப் படவே இல்லை. கும்பகருணனுக்கு ஹெக்டர். உடன்பிறந்தவன் பிறன்மனை கொண்டுவந்தது தவறு என்று தெரிந்தும் அவனுக்காக நின்று மடிந்தவர்கள். அபிமன்யுவுக்குப் பட்ரோக்ளஸ். எல்லை தாண்டி உள்ளே போய் மாண்டு, தம் சாவால் பெரிய வீரனின் கோபத்தைக் கிளப்பியவர்கள். சாம்பவானுக்கு நெஸ்டர். இரண்டு கிழவர்களின் வேலையும் நினைவூட்டுவதுதான். சபதமும் சாபமும் கூடவே வந்தால்தான் இந்த ஜோடிகள் பொருந்தும். கழற்றிவிட்டால் சமம் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

இதிலும் குறை உண்டு. அனுமனுக்கு நான் இன்னும் இணை கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நாட்டுக் கதைகளைச் சேர்க்கும்போது ஒற்றுமையின் ஆசையில் வேற்றுமை மறைந்துவிடும்; அக்கிலிஸ் புகழுக்காகக் குறுகிய ஆயுளை ஏற்றவன், கர்ணன் நன்றிக்காகத் தன் தரப்பை விடாதவன். இரண்டும் ஒரே தராசில் நிற்காது. விடிய விடியக் கத்தும் அந்தச் சூடும் இதில் குறைவு. சீட்டு விழுந்து அனுமன் கிடைத்தவனின் கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

போன கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து இப்படி உத்தி பிரித்தோம். ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதிக்கொண்டே வந்தபோது அரவான் தனியாக மிஞ்சினான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இஃபிஜினியாவின் கதையைச் சொன்னேன். டிராய்க்குப் போகக் காற்று வீச வேண்டும் என்று படைத்தலைவனான தகப்பனே பலிபீடத்தில் ஏற்றிய பெண். யூரிப்பிடிஸின் நாடகத்தில் முதலில் கெஞ்சுகிறாள், பிறகு தானே சம்மதிக்கிறாள். அவள் ஒரு வீரர் பட்டியலிலும் வந்ததில்லை. சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தவள், நோட்டை வாங்கி இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். சூரியனா சந்திரனா என்று அண்ணன் கேட்டதற்குத் தலையை ஆட்டினாள்.

“இவங்க ரெண்டு பேரையும் யாரும் எடுக்கக் கூடாது மாமா. இவங்க உக்காந்து பாக்கட்டும்.”

பெயர்களைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுவிட்டு, அடுத்த ஜோடி யார் என்று கேட்டாள்.